இடது கண் புள்ளி எடுக்கணும்

பார்சல் ஆபீஸில் எடை போடும் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். என் கண்ணில் எறும்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவன், பெட்டியைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாத ஒரு ஆள். மறுபடி கட்டிக்கொண்டு வா என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பெட்டியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தான்.

"மேடம், உங்க கண்ணுல எறும்பு."

"பேச்சை மாத்தாதீங்க. டேப்பை இன்னும் ரெண்டு சுத்து சுத்தணும்."

"சத்தியமா மேடம். இடது கண்ணு, ஓரத்துல. நகரவே இல்ல. செத்துப்போச்சு போல."

எறும்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது என் புள்ளி. இடது கண்ணின் வெள்ளையில், காதுப் பக்கமாகப் பழுப்பு நிறத்தில் கடுகளவு இருக்கும். பிறந்ததிலிருந்து இருக்கிறது. அதைப் பற்றி நான் நினைப்பதே கிடையாது. தன் முழங்கையின் பின்பக்கத்தை யாராவது தினமும் நினைத்துக்கொண்டிருப்பார்களா? ஆனால் இத்தனை வருஷம் இந்தக் கவுன்டரில் ஒருத்தரும் சொல்லாததை இவன் ஏன் இன்றைக்குச் சொன்னான் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த யோசனையில் அவன் பெட்டியை அப்படியே வாங்கிப் போட்டுவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்று கண்ணைக் காட்டினேன். காலேஜில் படிக்கிறாள். எதைப் பார்த்தாலும் முகத்தைச் சுளிப்பாள். இதைப் பார்த்துச் சுளிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று.

"அம்மா, போன வருஷம் இது இவ்ளோ பெருசா இல்லையே?"

"நல்லாப் பாத்துச் சொல்லுடி."

"நல்லாத்தான் பாக்கிறேன். அப்ப ஏதோ லேசா இருக்கிற மாதிரி இருந்துச்சு. இப்ப பளிச்சுன்னு தெரியுது."

ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளையும் இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். டாக்டர் சின்னப் பெண். வார்த்தைகளை எடை போட்டுத்தான் வெளியே விடுவாள் போல. "மோவாயை இதுல வைங்க. நெத்தியை முட்டுங்க. காதுப் பக்கம் பாருங்க. மூக்குப் பக்கம் பாருங்க" என்றாள். கண்ணுக்குள் வெளிச்சத்தை அடித்து, பஞ்சுக் குச்சியால் புள்ளியை லேசாகத் தள்ளிப் பார்த்தாள்.

"மச்சம்தான். தோல்ல வர்ற மாதிரி கண்ணுலயும் வரும். பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது."

"அப்ப கிளம்பலாமா?"

"எவ்வளவு நாளா இருக்கு?"

"பொறந்ததுலேர்ந்து."

"இதே அளவா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அளவு யார் எடுத்தது? பார்சலுக்கு நீளம், அகலம், உயரம் எழுதத் தெரிந்த எனக்கு என் சொந்தப் புள்ளியின் அளவு தெரியவில்லை. மகள் முந்திக்கொண்டு "வளர்ந்திருக்கு டாக்டர்" என்று போட்டுக்கொடுத்தாள்.

"வளரலைன்னா அப்படியே விட்டுடலாம்" என்றாள் டாக்டர். "வளர்ந்திருந்தா கொஞ்சம் கிள்ளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்க. கண்ணு தெளிவாத் தெரியணும். வச்சுப் பார்த்து முடிவு பண்ணலாம். வியாழக்கிழமை சாயங்காலம்."

கிள்ளியாம்! கண்ணைக் கிள்ளுவார்களாம். எனக்கு ஊசி என்றாலே தெருக்கோடி வரைக்கும் ஓடத் தோன்றும். பல் டாக்டரின் விரலைக் கடித்தவள் நான். என் கண்ணில் கத்தி வருவதை நான் எந்தக் கண்ணால் பார்ப்பது?

"வீட்டுல பழைய போட்டோ இருக்குமில்ல?" என்று டாக்டர் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கார் டாக்டர்."

"அப்ப பிரச்சினையே இல்ல" என்றாள். பாவம், அவளுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது.

எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கிறது அவருடைய ஸ்டுடியோ. விண்ணப்பத்துக்கு ஒட்டுகிற போட்டோ, குடும்பப் போட்டோ, கல்யாணப் போட்டோ எல்லாம் எடுப்பார். தெருவில் அவருக்குப் பேர் 'பளிச்'. அவர் கைபட்டால் எந்த முகமும் பளிச்சென்று ஆகிவிடும். பரு, தழும்பு, சுருக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம், எதையும் விட்டுவைக்க மாட்டார். லாரி டிரைவர் ஒருத்தருக்குக் கன்னத்தில் இருந்த வெட்டுத் தழும்பை எடுத்துவிட்டார். லைசென்ஸ் ஆபீஸில் 'இது நீங்க இல்ல' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முடிவெட்டுகிற கடைக்காரருக்கு வழுக்கையில் முடி முளைக்க வைத்தார். அவர் அதைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டி, என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சொந்தக் கண்ணுக்கு வரும்போதுதான் சிரிப்பு நின்றது.

வீட்டுக்கு வந்து ஆல்பங்களை எல்லாம் இறக்கினேன். மொத்தம் பதினொன்று. கூடத்தில் பரப்பிப் போட்டு நானும் மகளும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தோம். முதலில் கல்யாண ஆல்பம். மாலையோடு நிற்கிறேன். கண் பால் மாதிரி இருக்கிறது. புள்ளி இல்லை. வெளிச்சம் அதிகமாகியிருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தேன். அதிலும் இல்லை. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறேன். மூன்று நாள் தூங்காதவள். ஆனால் போட்டோவில் அப்போதுதான் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து முகம் கழுவியவள் மாதிரி இருக்கிறேன். புள்ளி இல்லை. நாற்பது உறவுக்காரர்கள் வரிசையாக நிற்கிற ஒரு போட்டோவில், மூன்றாவது வரிசையில், யாருடைய தோளுக்கோ பின்னால் என் முகத்தில் பாதி தெரிகிறது. அந்தப் பாதியிலும் இல்லை!

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். பதினோராவது ஆல்பத்தை நான் மூடியபோது வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பேயறைந்த மாதிரி இருந்தார்.

"ஏங்க."

"ம்."

"என் புள்ளி எங்கே?"

அவர் டீயைப் பார்த்தார். டீயில் இருந்தால் சொல்லியிருப்பார்.

"எடுத்துட்டேன்" என்றார்.

"எதுல?"

"எல்லாத்துலயும்."

"அந்த நாப்பது பேர் போட்டோவுலயுமா?"

"கண்ணுல பட்டுச்சு. விட மனசு வரல."

நான் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். "ஊர்ல இருக்கிறவன் மூஞ்சியைத் துடைங்க, வேண்டாம்னு சொன்னேனா? கட்டினவ கண்ணையும் துடைக்கணுமா? நாளைக்கு என்னையே துடைச்சுட்டு, சுவர் சுத்தமா இருக்குன்னு சொல்வீங்க!" என்று இன்னும் என்னென்னமோ சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது. கத்தினால் பயம் குறையும் என்பது என் அனுபவம். அன்றைக்குக் குறையவில்லை. அவர் ஆல்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினார்.

மகள் தன் போனை நீட்டினாள். "அம்மா, என்கிட்ட மூணு வருஷத்துப் போட்டோ இருக்கு. அப்பா கைபடாதது."

ஆசையாக வாங்கிப் பார்த்தேன். அதில் எனக்கு மூக்கு சின்னதாகவும் கண் பெரிதாகவும் கன்னம் மாவு பூசின மாதிரியும் இருந்தது. புள்ளி இருந்த இடத்தில் ஏதோ மங்கலாக ஒரு நிழல்.

"என்னடி இது?"

"அது ஒண்ணும் இல்லம்மா. போட்டோ எடுக்கும்போதே போன் தானா அழகாக்கிடும். நான்தான் போட்டு வச்சிருக்கேன்."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அப்பாவும் மகளும் ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் கைபடாத போட்டோ இனி ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். என் அண்ணன் வீட்டில். நான் பிறந்த வீட்டில் கேமரா வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான். எங்கள் குடும்பத்தில் அவனுக்குத் 'தலைவெட்டி' என்று பேர். யாரை எடுத்தாலும் கழுத்து வரைக்கும்தான் எடுப்பான். ஆனால் அதைப் பற்றி அவனுக்கு ஒரு பெருமை. "ஆளைப் பாத்தா மூஞ்சியை மட்டும் பாக்காதே, நிக்கிற அழகைப் பாரு" என்பான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் எடுத்த போட்டோக்களைக் கேட்டு யாரும் வீடு தேடி வந்ததில்லை. ஒரு ஷூ டப்பா நிறையக் கொண்டுவந்து கொட்டினான்.

"இது நீ, பத்தாவது பாஸ் பண்ணப்ப" என்றான். சர்ட்டிபிகேட் தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கை தெரிந்தது. நான் தெரியவில்லை.

"இது நீ சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டப்ப." சைக்கிள் நன்றாக விழுந்திருந்தது.

"இது?"

"அது என் விரல். ஆனா பின்னாடி நீதான் நிக்கிறே."

பத்து வயசிலிருந்து இருபது வயசு வரைக்கும் நான் தலையில்லாமல் வளர்ந்திருக்கிறேன். டப்பாவின் அடியில், கடைசியாக, தரையில் உட்கார்ந்து நான் என்னமோ எழுதிக்கொண்டிருக்கிற போட்டோ ஒன்று வந்தது. தரையில் உட்கார்ந்திருந்ததால் தப்பித்த தலை. கண் திறந்திருந்தது. கண்ணின் வெள்ளையில் ஒரு புள்ளி!

"இருக்கு! இருக்கு!" என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"பாத்தியா, அண்ணன் எடுத்தது!" என்று தலைவெட்டி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "எல்லாரும் கிண்டல் பண்ணீங்களே! கடைசில யார் போட்டோ உதவிச்சு?"

வீட்டுக்காரர் போட்டோவை வாங்கினார். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். மகளிடம் கொடுத்தார். தொழில்காரர் அல்லவா, பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

"மாமா, இது வலது கண்ணு" என்றாள் மகள். பிறகு நகத்தால் லேசாகச் சுரண்டினாள். புள்ளி உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது.

"ஈ" என்றார் வீட்டுக்காரர், மெதுவாக. "ஈ எச்சம் போட்டுட்டுப் போனது."

அண்ணன் அதையும் விடவில்லை. "அந்தக் காலத்து ஈ. முப்பது வருஷமா அப்படியே நின்னிருக்கு பாரு" என்றான்.

அங்கே எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வளர்ந்திருந்தால் என்ன, கிள்ளினால் என்ன என்று எனக்கு நானே தைரியம் சொல்லிப் பார்த்தேன். டெஸ்ட்டில் ஏதாவது வந்தால்? கண்ணையே எடுக்க வேண்டும் என்றால்? ஒற்றைக் கண்ணோடு எடைக் கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? பக்கத்தில் அவர், போட்டோ கொண்டுவர எடுத்துப்போன காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதை முறுக்கிக்கொண்டே வந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்து இறக்கினார். நான் உதறவில்லை. கோபம் போகவில்லை, படி உயரமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். பார்சல் ஆபீஸிலிருந்து ஐந்து நிமிஷ நடை. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திரையில் எங்கள் கல்யாணப் போட்டோ. என் இடது கண் மட்டும் ஒரு தட்டு அளவுக்குப் பெரிதாகி இருந்தது. அதில் ஒரு புள்ளி முளைத்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க?"

ரெண்டு பேரும் துள்ளி விழுந்தார்கள்.

"எடுத்தது நான்தானே" என்றார். "நானே திருப்பி வச்சுடறேன். அளவு எனக்குத் தெரியும். டாக்டர் பாத்துட்டு, வளரலைன்னு சொல்லிடுவாங்க. உன் கண்ணுல யாரும் கை வைக்க மாட்டாங்க."

"டாக்டரை ஏமாத்துவீங்க சரி. புள்ளியை எப்படி ஏமாத்துவீங்க? நிஜமாவே வளர்ந்திருந்தா?"

அவர் கை நின்றது. அது அவருக்குத் தோன்றவே இல்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. என் பயத்தை எடுத்தால் போதும் என்று நினைத்திருக்கிறார், தழும்பை எடுக்கிற மாதிரி. என்னால் திட்டவும் முடியவில்லை. திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"என் புள்ளி இப்படி வட்டமாவா இருக்கும்?"

"ஓரம் கொஞ்சம் பிசிறா இருந்துச்சு" என்று இழுத்தார். "வைக்கிறதுதான் வைக்கிறோம், நல்லாத்தான் இருக்கட்டுமேன்னு..."

தலையில் அடித்துக்கொண்டேன். மச்சத்துக்கும் மேக்கப் போடுகிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? "அளவு தெரியும், அளவு தெரியும்னு சொல்றீங்களே, எப்படித் தெரியும்? ஸ்கேல் வச்சு அளந்தீங்களா?"

"மூணு பென்சில் புள்ளி. அதுக்கு மேல ஒரு பொட்டுக்கூட இல்ல. முத முதல்ல உன்னை எடுத்தப்ப கம்ப்யூட்டர் ஏது? நெகட்டிவ் மேல பென்சில்லதான் போட்டேன்."

மகளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அந்தக் காலத்தில் பிலிமில் எல்லாம் தலைகீழ். வெள்ளை கறுப்பாக விழும், கறுப்பு வெளிச்சமாக விழும். கண்ணின் வெள்ளை நெகட்டிவில் கறுப்பாக இருக்கும், அதில் இந்தப் புள்ளி ஊசி குத்தின ஓட்டை மாதிரி வெளிச்சமாகத் தெரியும். கூராகச் சீவின பென்சிலால் அந்த ஓட்டையை அடைத்துவிட்டால், பேப்பரில் போடும்போது அந்த இடம் வெள்ளையாகிவிடும்.

"அந்த நெகட்டிவ் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா என்ன பிரயோஜனம்? அதுலயும் அடைச்சுட்டேனே."

மகள் தகப்பனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, பென்சில்தானே? அழிச்சா போயிடாதா?"

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. என் வீட்டுக்காரர் நாற்காலியோடு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அழிச்சதை அழிக்கிறதா?" என்றார். "முப்பது வருஷமா யாருமே அப்படிக் கேட்டதில்லையே!"

ஊரில் உள்ள மூஞ்சியை எல்லாம் துடைத்த மனுஷனுக்கு, துடைத்ததைத் துடைக்கலாம் என்பது தெரியவில்லை. நாற்காலி மேல் ஏறிப் பரண் மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். மற்றவர்களின் பழைய நெகட்டிவையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறும்போது தூக்கிப் போட்டுவிட்டார். இந்த டப்பாவில் ஒரே ஒரு காகித உறை இருந்தது. பழுத்து மஞ்சளாகிப் போயிருந்தது. மேலே அவர் கையெழுத்தில் என்னமோ எழுதியிருந்தது. ஒவ்வொரு கஸ்டமரின் உறை மேலும் என்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பது அவர் வழக்கம். மகள் வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"இடது கண் புள்ளி எடுக்கணும். எப்பவும். கஸ்டமர் சொன்னது."

"எந்தக் கஸ்டமர்?" என்று நான் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இருபத்தொரு வயசு எனக்கு. அதற்கு முந்தின வாரம் வேறு ஒரு ஆபீஸில் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னிடம் ஒரு கேள்விகூட ஒழுங்காகக் கேட்கவில்லை. கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "கண்ணுல என்னம்மா, வியாதியா?" என்றார். வேலை கிடைக்கவில்லை. நான் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அழுதேன். பிறகு பார்சல் ஆபீஸுக்கு விண்ணப்பம் போட, ஆத்திரத்தோடு இந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். கவுன்டரில் ஒல்லியாக ஒருத்தர் நின்றிருந்தார். "அண்ணே, கண்ணுல இருக்கிறது போட்டோவுல தெரியக் கூடாது" என்றேன். ஆமாம், அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். "இந்த ஒரு தடவை மட்டுமா?" என்று அவர் கேட்டார். "எப்பவும்தான். நான் ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டு இருக்க மாட்டேன்" என்றேன்.

அதைப் பற்றி நான் நினைப்பதே கிடையாது என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? நினைக்காமல் இருந்ததற்குக் காரணம், எனக்குப் பதிலாக இந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? "கல்யாணத்துக்கு அப்புறமாவது ஒரு தடவை கேட்டிருக்கலாமில்ல?"

"ஒவ்வொரு தடவையும் சொல்ல மாட்டேன்னு நீதானே சொன்னே? கேட்டா கத்துவேன்னு பயம்."

"அன்னிக்கு அவ்ளோ கத்தினேனே, அப்பவாவது நீதான் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீயே பயந்து போயிருந்தே. அந்த நேரத்துல கணக்குத் தீக்கச் சொல்றியா?"

மகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தணித்துக்கொண்டேன். "உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு அது பிடிக்கலையா?"

"பிடிக்கிறது பிடிக்காதது என்ன இருக்கு? போட்டோவுலதானே எடுத்தேன்" என்றார். உறையிலிருந்து நெகட்டிவை ஓரம் பிடித்து வெளியே எடுத்துக்கொண்டே சொன்னார். "நேர்ல நான் தினமும் பாக்கிறேனே. எனக்கு அது போதும்."

சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயிலில் நடந்து வந்த வியர்வை என்று மகளிடம் சொன்னேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு, நெகட்டிவை அதன் மேல் வைத்தார். டர்பன்டைனில் பஞ்சு நுனியைத் தோய்த்துப் பிழிந்தார். ஒரு தடவை ஒற்றினார், ரெண்டாவது தடவை ஒற்றினார். பஞ்சில் சாம்பல் நிறத்தில் லேசாகக் கறை ஏறியது. அவ்வளவுதான், இருபத்தாறு வருஷம் அந்தப் பஞ்சுக்கு வந்துவிட்டது. பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். கறுப்பான கண்ணில், காதுப் பக்கமாக, பிசிறான ஓரத்தோடு, ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம்.

"பிசிறாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்பவே சொன்னேனே" என்றார்.

வியாழக்கிழமை டாக்டர் பெரிதாக்கின பிரிண்டைத் திரையில் இருந்த புதுப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். கருவிழி எவ்வளவு, புள்ளி எவ்வளவு, ரெண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று ரெண்டிலும் அளந்து எழுதினாள். என் வீட்டுக்காரர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார், அது கிரீச் கிரீச் என்றது.

"அதே அளவு" என்றாள் டாக்டர். "இம்மிகூட வளரல. கிள்ள வேண்டியதில்ல."

நான் "அப்பாடா" என்று சொல்வதற்குள் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. அவர்தான். நர்ஸ் ஓடி வந்து, யாருக்குக் கண்ணில் மருந்து ஊற்றியது என்று கேட்டாள்.

"அப்ப வளர்ந்திருக்குன்னு சொன்னது?" என்று டாக்டர் மகளைப் பார்த்தாள்.

மகள் போனைப் பைக்குள் தள்ளினாள். "அது... போன வருஷப் போட்டோவுல போன் அதைப் பாதி அழிச்சிருந்துச்சு டாக்டர்."

வீட்டுக்குப் போய் அவளைக் கவனித்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். டாக்டர் ஒரு சீட்டு எழுதினாள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண்ணைத் தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொண்டு வர வேண்டும். "எதையும் மாத்தாம" என்று சொல்லி, என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் போலீஸைக் கண்டவர் மாதிரி ரெண்டு கையையும் தூக்கினார்.

நேரே ஸ்டுடியோவுக்குத்தான் போனோம். முதல் போட்டோவை அப்போதே எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பழைய ஸ்டூலில் உட்கார்ந்தேன். "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க, என்னைப் பாருங்க, சிரிக்க வேண்டாம்" என்றார். சிரித்துவிட்டேன். மறுபடி எடுத்தார். கம்ப்யூட்டரில் திறந்ததும் அவர் கை தானாகவே என் இடது கண் பக்கம் போயிற்று. பட்டென்று மணிக்கட்டில் ஒன்று போட்டேன்.

"பழக்க தோஷம்" என்றார்.

"இதுக்கெல்லாம் முறைன்னு ஒண்ணு இருக்கு. பேனாவை எடுங்க."

அந்த மஞ்சள் உறையை வாங்கி, அவர் எழுதியிருந்ததற்குக் கீழே 'ரத்து' என்று எழுதினேன். 'கஸ்டமர் சொன்னது' என்றும் சேர்த்து, தேதி போட்டு, பார்சல் ஆபீஸில் போடுகிற மாதிரி முழுக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படித்துப் பார்த்தார். கடை முத்திரையை எடுத்து, ஊதி, மேலே ஒரு குத்துக் குத்தினார். பிறகு கவுன்டருக்கு அந்தப் பக்கம் போய் நின்று, கஸ்டமர்களிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"வேற ஏதாவது எடுக்கணுமா மேடம்?"

திரையைப் பார்த்தேன். புள்ளி அதன் இடத்தில் பிசிறாக, ஜோராக உட்கார்ந்திருந்தது. கண்ணை விட்டுக் கொஞ்சம் கீழே பார்வை இறங்கியது.

"மோவாய் ரெண்டு தெரியுது. ஒண்ணு போதும்."

"டாக்டருக்குக் குடுக்கிறதுலயா?"

"அதுல வேண்டாம். வீட்டுல மாட்டறதுல."

புது உறை ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஒரு தடவை மட்டுமா?"

"எப்பவும்தான்" என்றேன். "நான் ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டு இருக்க மாட்டேன்."